ஆற்றுச் சரளையில் அகேட் கிடைக்கவில்லையா? எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்

மழைக்காலம் முடிந்து நவம்பர் பிறந்ததும் தக்காணத்து ஆறுகள் ஒடுங்கத் தொடங்கும். பீமா, கோட், குகடி, பிரவரா, கோதாவரி, கிருஷ்ணா என்று எதன் கரையில் இறங்கினாலும் கறுத்த சரளைத் திட்டுகள் மே மாதம் வரை வெளியே கிடக்கும். அந்தக் கறுப்புக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால் நிறத்தில், தேன் நிறத்தில், புகை நிறத்தில் ஒளி ஊடுருவும் கற்கள் இருக்கும். பட்டை பட்டையாக வரி ஓடினால் அது அகேட். வரியே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் கால்செடனி. செம்பழுப்பாக இருப்பதை நம் தொல்லியல் நூல்கள் சூதுபவளம் என்கின்றன. ஊர்க்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பயனில்லை. மராத்தியில் "கார்கோட்டி" என்று கேளுங்கள், ஆடு மேய்க்கும் சிறுவன்கூடக் கை காட்டுவான்.

புனேவுக்கு வேலைக்கு வந்தபிறகு எனக்குப் பிடித்த பழக்கம் இது. என்னுடன் நடக்க வரும் நண்பர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் குறைகளையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணமும் திருத்தமும் எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் கூர்விளிம்புக் கல்லைப் பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

"நாள் முழுக்கத் தேடினேன், ஒன்றுகூட இல்லை"

முதலில் பார்க்கவேண்டியது ஆறு. எந்தப் பாறையின்மேல் ஓடிவருகிறதோ அந்தப் பாறையைத்தான் ஆறு கொண்டுவரும். ஊருக்கு விடுமுறையில் போன நண்பர் ஒருவர் காவிரிக் கரையில் மூன்று நாள் தேடிவிட்டு, தன் கண்ணில்தான் கோளாறு என்று மனம் தளர்ந்துவிட்டார். கோளாறு கண்ணில் இல்லை. காவிரி, நொய்யல், வைகை ஆகியவை ஓடிவரும் நிலம் நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய பாறை. அங்கே வெங்கச்சங்கல் நிறையக் கிடைக்கும். காங்கேயம் வட்டாரத்தில் நிலாக்கல்லும் படிகமும்கூடக் கிடைக்கும். அகேட் உருவாகத் தோதான குழிகள் அந்தப் பாறையில் இல்லை.

அந்தக் குழிகள் தக்காணத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அலை அலையாகப் பரவி உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தப் பசால்ட் பாறை நிற்கிறது. குழம்பு உறையும்போது உள்ளே சிக்கிய வாயு, குமிழிக் குழிகளை விட்டுச்சென்றது. பின்னால் சிலிக்கா கரைந்த நீர் அந்தக் குழிகளுக்குள் கசிந்து, மயிரிழை தடிமனில் அடுக்கடுக்காகப் படிந்தது. அதுதான் அகேட். பசால்ட் காலப்போக்கில் மக்கி மண்ணாகிவிடும். அகேட் மக்காது, அதன் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் அளவு) 6.5 முதல் 7 வரை. பாறை கரைந்தபின் எஞ்சிய கல்லை ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது.

சங்ககால ஊரான கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. கொடுமணல் நொய்யல் கரையில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கல் நொய்யல் தந்ததல்ல. குஜராத் பக்கமிருந்து வந்த மூலக்கல் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அன்றைக்கே வணிகர்கள் அத்தனை தொலைவிலிருந்து வரவழைத்த கல்லை நம் வீட்டருகே தேடி ஏமாறவேண்டாம்.

சரியான ஆற்றில் நின்றும் கிடைக்கவில்லை என்றால், திட்டில் கிடக்கும் கறுப்புக் கற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லாம் வழுவழுப்பான கெட்டிப் பசால்ட்டா, அல்லது வெள்ளையும் பச்சையுமாகப் புள்ளி வைத்ததுபோல் குழிகள் நிரம்பிய பசால்ட்டா? எல்லாக் குழம்பு அடுக்கிலும் குமிழி இருப்பதில்லை. புள்ளிக்கற்கள் தென்படாத திட்டில் நேரத்தைச் செலவிடாமல் அடுத்த வளைவுக்கு நடந்துவிடுங்கள். மலைத்தொடரின் அடிவாரத்திலும் தேடவேண்டாம். அங்கே ஆறு பானை அளவுப் பாறைகளைத்தான் போட்டுவைத்திருக்கும். புளியங்கொட்டை முதல் எலுமிச்சை வரை அளவுள்ள கூழாங்கற்கள் நெருக்கமாகக் கிடக்கும் திட்டுதான் நமக்கு ஏற்றது. ஆறு வளையும்போது உட்புறம் ஒதுங்கும் திட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

"பக்கத்தில் நடப்பவருக்குக் கிடைக்கிறது, எனக்குக் கண்ணில் படவில்லை"

வெயில் உங்கள் முதுகில் விழுகிறதா? இதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பத்தில் ஏழு பேர் கண் கூசாமல் இருக்க வெயிலுக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். அப்படி நடந்தால் கல்லின் மேல்தோல்தான் தெரியும், எல்லாக் கல்லும் சாம்பல் நிறத்தில் தெரியும். வெயிலை நோக்கி நடங்கள். சாய்ந்த கதிர் கல்லுக்குள் நுழைந்து உங்கள் பக்கமாக வெளியே வரும்போது, அகேட் விளக்குத் திரிபோல உள்ளிருந்து ஒளிரும். பசால்ட் ஒளியை விடாது. இருபது அடி தூரத்திலிருந்தே வேறுபாடு தெரியும்.

பீமாவும் கோட் நதியும் பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்குமாக ஓடுகின்றன. ஆகவே காலையில் ஆறு போகும் திசையிலேயே நடங்கள், மாலையில் ஆற்றுக்கு எதிராகத் திரும்புங்கள். இரண்டு நேரமும் வெயில் முகத்தில் இருக்கும். உச்சிவெயிலில் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுவது நல்லது, அப்போது எதுவும் தெரியாது.

இரண்டாவது காரணம் கண்பழக்கம். நான் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாதாரண அகேட் கல்லை வைத்திருப்பேன். திட்டில் இறங்கியதும் அதைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்துவிட்டு, சிறிது நடந்து சென்று திரும்பிவந்து அதைத் தேடுவேன். கண்டுபிடித்த பிறகுதான் வேலை தொடங்கும். அந்த ஐந்து நிமிடத்தில், இன்றைய வெளிச்சத்தில், இந்தத் திட்டில் அகேட் எப்படித் தெரியும் என்று கண்ணுக்கு விளங்கிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, நீங்கள் படங்களில் பார்த்த அகேட்டைத் தேடுகிறீர்கள். படத்தில் இருப்பது அறுத்து மெருகேற்றிய முகம். ஆற்றில் கிடப்பதற்கு ஒரு தோல் உண்டு. குழியின் சுவரில் ஒட்டியிருந்த பக்கம் அம்மைத்தழும்பு போலக் குழிகுழியாக இருக்கும். சில சமயம் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். நெடுந்தூரம் உருண்ட பக்கத்தில் நகத்தால் அழுத்தியதுபோல் சின்னச் சின்னப் பிறைக் கீறல்கள் நிறைந்திருக்கும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய தடங்கள் அவை. மெல்லிய மெழுகு பூசினாற்போன்ற பளபளப்பு, அதில் பிறைத் தடங்கள்: இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் குனிந்து எடுங்கள்.

"இரண்டடி ஆழம் தோண்டியும் இல்லை"

தோண்டாதீர்கள். தங்கம் கனமானது, அதனால் சரளைக்கு அடியில் போய்த் தங்கும். அகேட் அப்படியல்ல. அதன் ஒப்படர்த்தி 2.6 அளவு, பசால்ட் 2.9-ஐ ஒட்டி இருக்கும். கூட இருக்கும் கல்லைவிட அகேட் இலேசானது, அது அடியில் சேர எந்தக் காரணமும் இல்லை. மேலே நூறு கல்லில் ஒன்று என்றால் கீழேயும் அதே கணக்குத்தான், அங்கே வெளிச்சமும் இல்லை. தோண்டும் உழைப்பை நடையில் செலவிடுங்கள்.

"முதல் முறை பை நிறைந்தது, அடுத்த முறை எதுவுமில்லை"

ஒரு திட்டை ஒருவர் கவனமாக நடந்து பார்த்துவிட்டால், அடுத்த வெள்ளம் அதைப் புரட்டிப்போடும்வரை அதில் புதிதாக எதுவும் வராது. முன்பெல்லாம் ஆண்டுதோறும் புரளும். இப்போது ஏறக்குறைய எல்லா ஆற்றின் தலையிலும் அணை இருப்பதால், மழை குறைந்த ஆண்டில் திட்டு அசையாமலே கிடக்கும். ஆகவே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் நான்கைந்து திட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த உடனேயும் போகவேண்டாம். வண்டல் எல்லாக் கல்லின்மீதும் ஒரே நிறத்தில் பூசியிருக்கும். பின்மழை ஒன்று பெய்து கழுவிவிட்ட மறுநாள்தான் தேடுவதற்கு மிக நல்ல நாள்.

அணை என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. வானம் வெளுத்திருக்கும், ஆற்றில் கணுக்கால் அளவு நீர்தான் ஓடும், ஆனாலும் மேலே அணையைத் திறந்தால் நீர் ஏறிவிடும். ஒரு பிப்ரவரி மாலை நான் குனிந்த தலை நிமிராமல் திட்டின் நடுவில் இருந்தேன். கரையிலிருந்து ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கோலைத் தூக்கிக் கத்தினார். பார்த்தால், நான் கால் நனையாமல் தாண்டிவந்த வாய்க்கால் இரண்டு முழ அகலம் கூடியிருந்தது. முழங்கால் நீரில் கரையேறினேன். "காகா, எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "தண்ணீரில் சருகு வந்தது" என்றார். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். இறங்குமுன் ஊர்க்காரர்களிடம் தண்ணீர் விடும் முறையைக் கேட்பேன். நீரோரத்தில் ஒரு கல்லை அடையாளமாக நட்டு, கால்மணிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். நிகோஜ் ஊரருகே குகடி நதியில் பாறையைக் குடைந்த குழிகள் பெயர்பெற்றவை. அவற்றின் அடியில் அருமையான சரளை தங்கியிருக்கும், ஆனால் அதற்காக யாரும் இறங்கவேண்டாம்; சுவர் வழுக்கும், ஆழமும் அதிகம்.

"எடுத்துவந்ததில் பாதி அகேட் இல்லை என்கிறார்கள்"

தக்காணத்துச் சரளையில் நம்மை ஏமாற்றுபவை நான்கைந்துதான்.

வெள்ளையாக, பொருபொருவென்று, உருண்டையாக இருப்பது சுக்கான்கல். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் காதருகே வைத்தால் நுரைக்கும் ஒலி கேட்கும். கால்சைட்டும் இப்படியே நுரைக்கும். கத்தி முனையால் எளிதில் கீறலாம். அகேட்டைக் கத்தி கீறாது, கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாக ஒட்டும். முத்துப்போன்ற பளபளப்போடு விசிறியாகவோ தகடாகவோ பிளந்து நிற்பவை சியோலைட் வகைகள். அவையும் அகேட்டைப் போலவே குழிகளில் விளைந்தவைதாம், ஆனால் மென்மையானவை. ஆற்றில் வெகுதூரம் தாக்குப்பிடிப்பதில்லை. உங்கள் திட்டில் சியோலைட் நிறைய இருந்தால், பாறை பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். இவற்றின் முழு அழகையும் பார்க்க விரும்பினால் நாசிக் அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள்.

ஊரை ஒட்டிய ஆற்றில் உருண்டு தேய்ந்த புட்டித்துண்டு அகேட்டைப் போலவே ஒளிரும். 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே வட்டக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. இல்லையென்றால் உடைந்த புட்டி ஒன்றின்மேல் கல்லை அழுத்தி இழுங்கள். அகேட் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி கண்ணாடியைக் கீறத் திணறும்.

சிவப்பாக, மஞ்சளாக இருந்தும் கைவிளக்கின் ஒளியைச் சிறிதும் விடாத கல் ஜாஸ்பர். அதுவும் சிலிக்காதான், வீட்டில் வைக்கத் தகுந்த கல்தான், பெயர் மட்டும் வேறு. கல்லுக்குள் செடியும் பாசியும் முளைத்ததுபோல் தெரிந்தால் அது செடி அல்ல. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் கிளை கிளையாகப் படிந்தவை. உத்தரப்பிரதேசத்தின் பாந்தா நகரில், கென் ஆற்றிலிருந்து எடுக்கும் இத்தகைய கல்லை ஷஜர் என்று அழைத்து, அதைப் பட்டைதீட்டுவதையே தலைமுறைத் தொழிலாகச் செய்கிறார்கள்.

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது வரியில்லாத சாம்பல் கால்செடனியாகத்தான் இருக்கும். அதை எறிந்துவிடுமுன் கைவிளக்கின்மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு பாதி வளைந்த வரிகளாகவும், மறுபாதி அளவுகோல் வைத்ததுபோல் நேர்க்கோடுகளாகவும் இருக்கும். நேர்க்கோடுகள் குழியின் அடியில் கிடைமட்டமாகப் படிந்தவை. அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக வரும்படி கல்லைத் திருப்பினால், கோடி கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கல்லுக்கு எது கீழ்ப்பக்கம் என்பது உங்கள் கையில் தெரிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

"விளிம்பு கூராக இருக்கிறது, யாரோ செதுக்கியதுபோல்"

நிறுத்துங்கள். கல்லைப் பைக்குள் போடவேண்டாம்.

அகேட்டும் கால்செடனியும் உடையும்போது சிப்பியின் உட்புறம்போல் வழவழப்பாக, கத்தி விளிம்போடு உடையும். இதை நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் இந்த ஆற்றங்கரைகளில் வாழ்ந்தார்கள். பிரவரா கரையில் உள்ள நெவாசாவில் 1950-களில் தொல்லியலாளர் எச். டி. சாங்காலியா தலைமையில் நடந்த ஆய்வுகளில், சரளைப் படிவுகளிலிருந்து கற்காலக் கருவிகள் கிடைத்தன. அகேட், ஜாஸ்பர் போன்ற கற்களில் செய்த அந்த வகைக்கு நெவாசியன் என்றே பெயர் வைத்தார்கள். கோட் நதிக்கரை இனாம்காவில் புனேவின் டெக்கான் கல்லூரி ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய உழவர் ஊர் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. செம்பு அறிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அன்றாட வேலைக்குக் கால்செடனியில் பெயர்த்த மெல்லிய கல்லலகுகளையே பெரிதும் நம்பினார்கள். நாம் நடப்பது அவர்கள் கல் பொறுக்கிய அதே திட்டுகளில்.

ஆறு உடைத்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் பிரித்தறிவது எப்படி? ஆறு எங்கும் மோதும்; அதன் சிதறல்களுக்கு ஒழுங்கு இராது, விளிம்பும் மழுங்கியிருக்கும். மனிதன் ஒரே விளிம்பில், ஒரே திசையில், அடுத்தடுத்துத் தட்டுவான். தட்டிய இடத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு எழும்பி, அதிலிருந்து நீரலைபோல் வளையங்கள் விரியும். இரண்டு பக்கமும் இணையாக ஓடும் ஒல்லியான அலகுகள், விரல்நக அளவுப் பிறைத்துண்டுகள், சுற்றிலும் நெடுக்கு வாக்கில் பள்ளம் பள்ளமாக அலகு பெயர்த்தெடுத்த மூலக்கற்கள்: இவற்றில் எதைப் பார்த்தாலும் அது கருவி அல்லது கருவி செய்த மிச்சம். கரையில் சுண்ணாம்பு இறுகிச் சுவராக நிற்கும் பழைய சரளையில் இவை கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சுவரைச் சுரண்டவே வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழக்கத்தின் முதல் ஆண்டில், கட்டைவிரல் அளவில் தேன்நிறக் கல் ஒன்றை எடுத்துவந்தேன். ஒரு பக்கம் முழுக்க நேர்நேரான பள்ளங்கள். இயற்கையின் வடிவம் என்று நினைத்து, மெருகேற்றும் உருளையில் மற்றக் கற்களோடு போட்டேன். ஐந்து வாரம் உருண்டு, கண்ணாடிபோல் மின்னி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் ஒன்றில் அதே வடிவத்தைப் பெட்டிக்குள் பார்த்தபோதுதான் நான் தேய்த்தது என்ன என்று புரிந்தது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு கையின் ஒரு தட்டு. வெள்ளங்கள் அழிக்காமல் விட்டுவைத்ததை நான் அழித்துவிட்டேன். எந்தத் திட்டில் எடுத்தேன் என்பதைக்கூடக் குறித்துவைக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கல் கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். சுற்றுப்புறம் தெரியும்படி இன்னொரு படம். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிட்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கோ டெக்கான் கல்லூரிக்கோ எழுதுங்கள். கல்லைவிட அது கிடந்த இடம்தான் ஆய்வாளருக்குச் செய்தி சொல்லும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள்களைத் தொல்பொருளாகவே கருதுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். தமிழ்நாட்டில் இதே கவனம் திருவக்கரையில் வேண்டும். அங்கே மரவரி தெரியும் கல்லைப் பார்த்தால் அகேட் என்று கை நீளும். அது கல்லாகிய மரம். பூங்காவாகக் காக்கப்படும் இடம். ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது.

"உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்தேன், தூளாகிவிட்டது"

சுத்தியல் அகேட்டின் வரிகளை மதிப்பதில்லை. நினைத்த இடத்தில் உடையவும் உடையாது. பறக்கும் சில்லு கத்தியைவிடக் கூரானது, கண்ணைக் குறிவைத்தே வரும். உள்ளே பார்க்க ஆசை என்றால் கல்லை நனைத்து, கீழிருந்து கைவிளக்கைப் பிடியுங்கள். அறுத்தே தீரவேண்டும் என்றால் வைர அலகு பொருத்திய அறுப்பு இயந்திரம் வைத்திருக்கும் கல் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

நீங்களே அறுப்பதாக இருந்தால், நீர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். உலர்ந்த கல்லை அறுக்கவோ சாணை பிடிக்கவோ கூடாது. குஜராத்தின் கம்பாத் நகரம் அகேட் மணிகளுக்கு உலகப் புகழ்பெற்றது. ரதன்பூர்ச் சுரங்கத்துக் கல்லைச் சூடேற்றிச் சிவக்கவைக்கும் கலை அங்கே இன்றும் நடக்கிறது. அந்த மணிகளைச் சாணை பிடிப்பவர்கள் நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து, சிலிக்கோசிஸ் நோயால் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். நோய் வந்தபின் அதைத் திருப்பும் மருந்து இல்லை. பொழுதுபோக்குக்காகச் செய்யும் நமக்கு அந்தத் தூசைச் சுவாசிக்க எந்த நியாயமும் கிடையாது.

"ஆற்றில் மின்னியது, வீட்டில் மங்கிவிட்டது"

நீர்தான் மின்னியது. கல்லின் தோலில் உள்ள நுண்கீறல்களை நீர் நிரப்பியதால் ஒளி சிதறாமல் உள்ளே போயிற்று, காய்ந்ததும் சிதறுகிறது. சிலர் எண்ணெய் பூசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூசு ஒட்டி ஒரு மாதத்தில் பிசுபிசுக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, கல்லைப் போட்டு, சன்னலோரம் வையுங்கள். ஆற்றில் பார்த்த அதே நிறம் திரும்பும். வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு ஒட்டியிருந்தால் வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

"உருளையில் போட்டேன், பளபளப்பு வரவில்லை"

கல் உருட்டும் சிறிய உருளை வாங்கியவர்களின் குறை இது. அகேட்டுக்கு வழக்கமான வரிசை நான்கு கட்டம்: 60/90 எண் சிலிக்கான் கார்பைடு பொடி, அடுத்து 220, அடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுப் பொடி. எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். முதல் கட்டம் மட்டும் கல்லைப் பொறுத்து நீளும்.

கல் வழவழப்பாக இருந்தும் மங்கலாக இருந்தால், முந்தைய கட்டத்தின் பருபொடி மெருகுக் கட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஒரே ஒரு பெரிய துகள் போதும், ஒரு வார வேலையைக் கெடுத்துவிடும். மூடியின் விளிம்பு, கல்லின் விரிசல், உங்கள் நகக்கண் எல்லாவற்றையும் கழுவுங்கள். விரிசலும் குழியும் உள்ள கல்லை முதல் கட்டத்திலேயே விலக்கிவிடுங்கள். பொடியை ஒளித்துக் கடத்துவது அதுதான்.

விளிம்புகள் நொறுங்கி வந்தால் உருளை காலியாக இருக்கிறது. கல் உருளாமல் விழுகிறது. முக்கால் பங்கு நிரப்புங்கள். கல் போதவில்லை என்றால் பீங்கான் குண்டுகள் சேருங்கள். நீர், மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றே கீழே நிற்கட்டும். சில கற்கள் மட்டும் தேய்ந்து சிறுத்துவிட்டால் கூட மென்மையான கல் எதுவோ கலந்திருக்கிறது. கண்ணாடியைக் கீறும் சோதனையில் தேறிய கற்களை மட்டும் ஒன்றாகப் போடுங்கள். வண்டல் நீரைக் கழிவறையிலோ சமையலறைத் தொட்டியிலோ ஊற்றக்கூடாது, குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு அடியில் படிந்ததைக் குப்பையில் போடுங்கள்.

உருளையில் போடுமுன் ஒவ்வொரு கல்லின் தோலையும் உருப்பெருக்கியில் ஒருமுறை பார்ப்பது இப்போது என் வழக்கம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

"வீட்டில் வைக்க இடமில்லை"

எடுக்கும்போதே குறைத்து எடுங்கள். திட்டிலிருந்து கிளம்புமுன் பையைக் கவிழ்த்து, பத்து கல்லை மட்டும் பொறுக்கி, மீதியை அங்கேயே விடுங்கள். விற்பதற்காக அள்ளுவது வேறு கதை. அகேட் 2015 முதல் சிறுகனிமப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். தனியார் நிலத்தைத் தாண்டித்தான் ஆற்றில் இறங்கவேண்டும் என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்; எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை, தேநீர் கொடுத்தவர்கள்தான் உண்டு.

வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கல்லிலும் ஓரத்தில் துளி வெள்ளை வண்ணம் வைத்து, அதன்மேல் ஒரு எண் எழுதுங்கள். ஆறு, திட்டு, நாள் மூன்றையும் அந்த எண்ணுக்கு நேரே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கூடுதல் கற்களைத் திருப்பிப் போடுவதாக இருந்தால், எடுத்த ஆற்றிலேயே, எடுத்த திட்டிலேயே போடுங்கள். கோதாவரிக் கல்லை பீமாவில் போட்டால், பின்னால் அந்தத் திட்டைப் படிக்க வருபவர் அந்தக் கல் மேலே எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று இல்லாத பாறையைத் தேடி நடப்பார்.